முப்பது பேரோடு நிறுத்தியது

வியாழன், ராத்திரி.

பல்லடத்திலிருந்து தறி ஓடுற குடோனோட ஓனர் போன் பண்ணினார். "ஏனுங்க அம்மணி, தறிச் சத்தத்தால காதுக்கு ஒண்ணும் ஆகறதில்லைன்னு உங்க ஆராய்ச்சியிலயே வந்துபோச்சுங்களே. அப்ப ஆளுகளுக்கு இயர்பிளக் வாங்க வேண்டியதில்லைங்களே?"

தறி ஓட்டுறவங்களுக்கும் மத்தவங்களுக்கும் காது கேட்கறதுல வித்தியாசம் தெரியலைன்னுதான் எழுதினேன். இல்லைன்னு எழுதலை. கணக்குப்படி இருநூறு பேரையாவது சோதிச்சிருக்கணும். அப்பத்தான் இருக்கிற வித்தியாசம் பிடிபடும். டிபார்ட்மெண்ட்ல எல்லாரும் முப்பது பேரைத்தானே எடுக்கறாங்கன்னு நானும் அதோட நிறுத்திப்போட்டேன்.

அவர்கிட்ட இதைச் சொல்லலை. "பார்த்துச் சொல்றேனுங்க"ன்னு வச்சுட்டேன்.

அந்த முப்பதுல ஒருத்தர் தறி ஓட்டுற மல்லிகாக்கா. சோதிச்ச அன்னிக்கு, தறியெல்லாம் நிறுத்தின பிறகும், அவங்க பேரையே மூணு தடவை கத்தித்தான் கேட்டேன்.