ராஜ வளையம்

ஜூன் 4

இன்று கரையில் ஒரு வெண்கல வளையம் கண்டெடுத்தேன். உள்ளங்கை அகலம், பச்சைக் களிம்பு, ஒரு பக்கம் முறிந்த காம்பு. பக்கத்திலேயே நடுவில் ஓட்டை போட்ட ஒரு கல். பழைய இரும்பு வியாபாரத்தில் தலையெடுத்தவன் நான்; தட்டிப் பார்த்தே உலோகம் சொல்வேன். ஆயிரம் வருஷத்துக்குக் குறையாது. ஏதோ ராஜாவின் பட்டத்து யானைச் சங்கிலியில் தொங்கியிருக்கும்.

மனைவி: "மூணும் நாறுது. வெளியவே நில்லுங்க."

மூன்றாவது யார்?

ஜூன் 5

மனைவியின் தையல் மெஷினைத் தரையில் இறக்கிவிட்டு, மேஜைமேல் இரண்டையும் வைத்தேன். அவள் தரையிலேயே உட்கார்ந்து தைக்க ஆரம்பித்துவிட்டாள். நிம்மதி.

ஜூன் 7

அருங்காட்சியக அதிகாரியம்மாவுக்குப் போன் போட்டேன். வந்து பார்க்கிறாராம். "எதையும் தேய்ச்சுடாதீங்க சார்."

தேய்த்தாகிவிட்டது. பளபளத்தால்தானே சரக்கு? கல்லை மட்டும் விட்டுவைத்தேன் — கல்லுக்கு எவன் விலை கொடுப்பான்?

தேய்த்ததும் நல்லதுக்குத்தான். விளிம்பில் மூன்று கீறல், மூன்றாவது கோணல். ராஜ முத்திரை!

ஜூன் 8, ஞாயிறு

மச்சான் சாப்பிட வருகிறான். என் மனைவியின் தம்பி, படகு வைத்திருக்கிறான். முன்பு என் கடையில் வாங்கிய நங்கூர வளையம் முறிந்து படகு அடித்துக்கொண்டு போனதாக இன்னமும் புலம்பல். "என் சரக்கு முறியாது, உனக்கு முடிச்சுப் போடத் தெரியல" என்று விசேஷத்துக்கு விசேஷம் சொல்லிவருகிறேன். இன்று இதைக் காட்டி அவன் வாயை அடைக்க வேண்டும்.

மாலை

அடைபட்டது என் வாய்.

வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாமா, எந்த ராஜா?"

நான் இழுப்பதற்குள் மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியை எடுத்துவந்து நீட்டினாள். பிடியில் மூன்று கீறல், மூன்றாவது கோணல். "இந்த ராஜாடா."

அட கடவுளே! கடை போட்ட புதிதில் உத்தரவாதச் சரக்குக்கெல்லாம் நானே அரத்தால் கீறின அடையாளம். தினம் அந்தக் கரண்டியில்தானே சாப்பாடு விழுகிறது, எனக்குக் கண் எங்கே போச்சு?

அவன் சிரித்து முடிப்பதற்குள் சோறு ஆறிவிட்டது.

ஜூன் 10

அதிகாரியம்மா வந்தார். வளையத்தைத் தள்ளிவிட்டுக் கல்லைக் கையில் எடுத்தார். பல நூறு வருஷத்து நங்கூரக் கல்லாம். "நல்லவேளை, இதைத் தேய்க்கலையே!"

"கல்லு கூடத் தாங்கியிருக்கு மாமா," என்றான் வேடிக்கை பார்க்க வந்திருந்த மச்சான்.

பேரம் படிந்தது. கல் அருங்காட்சியகத்துக்கு. மேஜை தையல் மெஷினுக்கு. மச்சானுக்குப் புது வளையம், இனாம். விசேஷங்களில் அவன் ராஜா பேச்சை எடுக்கக் கூடாது, நான் முடிச்சுப் பேச்சை எடுக்கக் கூடாது. கடைசி நிபந்தனை என்னுடையது: புது வளையத்தில் கீறல் கிடையாது.