உள்ளேயும் இறுகிய இரும்பு

இன்று கொல்லங்கோட்டுப் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை இறுகுவதற்காக எண்ணெயில் முக்கினார்கள். அந்தக் கரிந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு உன் நினைவு வந்தது. வாங்க வந்த கலப்பைக் கொழுவை விட்டுவிட்டு வெளியே ஓடி, சாக்கடையோரம் துப்பினேன்.

மலையில் நம் எஸ்டேட்டின் வின்ச் உனக்கு மறந்திருக்காது. தேயிலைக் கொழுந்து மூட்டை ஏற்றிய ட்ராலியைச் சரிவுத் தண்டவாளத்தில் மேலே இழுக்கும் இயந்திரம். அதற்குப் புதுப் பற்சக்கரம் வந்த அன்று, பெட்டியைப் பிரித்ததும் நீ அரத்தை எடுத்தாய். பல்லில் தேய்த்தாய், அரம் கடிக்காமல் வழுக்கியது. சரி என்பதுபோல் தலையாட்டினாய். பிறகு நடுத்துளையில் தேய்த்தாய். அங்கும் வழுக்கியது. உன் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க தொரை, இது ஆவாதுங்க. பல்லோட மேல்தோல்தானுங்க கெட்டியா இருக்கோணும், உள்ளே கொஞ்சம் இளக்கம் வேணுமுங்க. இது முழுக்க வெறைச்சுக் கெடக்குது. பளு ஏறுனா கண்ணாடியாட்டம் ஒடைஞ்சுருமுங்க. திருப்பி அனுப்பி, மறுக்கா சூடுபண்ணிப் பதம் எறக்கச் சொல்லோணுமுங்க."

எஸ்டேட் துரை சக்கரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கொழுந்து வாடுது. நீ மாட்டலைன்னா வேற ஆள் மாட்டுவான்."

அந்த வேறு ஆள் நான். "வேண்டாம்ப்பா, தொடாதே" என்று நீ சொன்னது காதில் விழுந்தும் ஸ்பானரை எடுத்தேன். எதிர்த்துப் பேசியதற்காக உன்னைக் கீழே மூட்டை ஏற்ற அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் காலை வின்ச்சை நான் ஓட்டினேன், ட்ராலி பாதி ஏறியிருந்தது. படீரென்று ஒரு சத்தம். நாலு பற்கள் ஒன்றாகத் தெறித்தன. பிரேக்கை இறுக்கினேன். சக்கரமே உடைந்த பின் பிரேக் எதைப் பிடிக்கும்? ட்ராலி உன்னை நோக்கித் திரும்பி ஓடியது. கத்தினேன். நீ நிமிர்ந்து பார்த்தாய். அவ்வளவுதான்.

உடைந்த இடம் உள்வரை சர்க்கரைபோல் மினுங்கியது. நீ சொன்னது சொன்னபடி. உடைந்த சக்கரத்தை ஆற்றில் போடச் சொன்னார் துரை, போட்டேன். ட்ராலிச் சக்கரத்துக்கு நீ தடுப்புக் கட்டை வைக்காததால் அது உருண்டது என்று எழுதிய காகிதத்தை நீட்டினார், கையெழுத்திட்டேன். அவர் கொடுத்த தேநீரை அதே கையால் வாங்கிக் குடித்தேன். ருசியாகக்கூட இருந்தது. துரையின் மேல் உள்ள அருவருப்பைவிட, அந்த ருசியின் மேல் எனக்கு அருவருப்பு அதிகம்.

பட்டறையிலிருந்து நேரே உன் வீட்டுக்குப் போனேன். நாலு வருடம் கழித்து. உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பன் அசால்ட்டா இருந்துதான் செத்தாருன்னு சொல்லியே எம்புள்ளைய வளத்துப்போட்டனுங்களே," என்றாள். பிறகு உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டாள். "அவகிட்டயும் நீங்களே சொல்லுங்க."

ஒன்பது வயதுப் பெண்ணின் முன்னால் உட்கார்ந்து, முதலிலிருந்து மறுபடி சொன்னேன். தேநீரையும் விடவில்லை. அவள் மெல்ல எழுந்துபோய் அம்மாவின் பின்னால் நின்றுகொண்டாள். நான் துரையை எந்தக் கண்ணால் பார்த்தேனோ, அந்தக் கண்ணால் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் உன் குழிமேட்டுக்குச் சுமந்துகொண்டு வந்திருக்கிறேன்.