பெரிய பேட்டரிக்காகக் கையெழுத்துப் போடாதே

பொத்தோத்தான்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் இண்டாய் மேரிவிக்குக்கு,

அப்பா எழுதுகிறேன். மாதாவின் தயவில் நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த மஸ்கட் வெயிலில் உடம்பு கெடாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனிலேயே பதில் சொல்லலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டு வேறு எதையோ பேசிவிடுகிறேன். எதிர்வீட்டு நெலியா லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இந்தக் கடிதத்தையும் கொஞ்சம் கருவாட்டையும் கொடுத்து அனுப்புகிறேன், கருவாட்டை அறையில் உள்ளவர்களோடு பகிர்ந்து சாப்பிடு.

"கவலைய விடுங்கப்பா, காருக்குப் பெரிய பேட்டரி புதுசா நான் வாங்கித் தரேன், ஆஸ்பத்திரி வேலைல இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க, மாசக் கடைசில ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுடறேன்" என்றாய். நீ போய் ஆறு வருஷமாகிறது இண்டாய். அந்தப் பேட்டரி எப்படிப் போயிற்று என்று உன்னிடம் நான் முழுசாகச் சொல்லவில்லை, வயதாகிவிட்டது போயிற்று என்று பூசி மெழுகிவிட்டேன். அது தானாகப் போகவில்லை, நான்தான் அதைச் சாகடித்தேன்.

அம்மாவை வாரம் மூன்று தடவை இலோயிலோ நகரத்துக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேனே, ஜீப்னி வண்டியில் கூட்டத்தோடு இடிபடவேண்டாம் என்று நீ அந்த ஹைப்ரிட் காரை வாங்கிக்கொடுத்தாய். வந்த அன்றைக்கு சீட்டெல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. நம்மூரில் யார் அதைப் பிரிக்கிறார்கள்? உன் அம்மாவும், "அழுக்காகாம இருக்கட்டும், அவ வந்து உக்காந்து அவ கையாலயே பிரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள், எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. பெரிய பேட்டரி பின் சீட்டுக்குக் கீழே இருக்கிறது, சீட்டோரம் உள்ள ஒரு சின்னச் சல்லடை வழியாகத்தான் அதற்குக் குளிர்ந்த காற்று போகிறது என்பது எனக்குத் தெரியாது. பிளாஸ்டிக் அதன் மேல் தொங்கிக்கொண்டிருந்தது, போதாததற்கு அம்மா சாய்ந்துகொள்ளத் தலையணையையும் போர்வையையும் நானே அங்கே திணித்து வைத்தேன். மூன்று வருஷம் இப்படியே ஓடியது. பின்னால் ஏதோ உஸ்ஸென்று இரைந்தபோது ஏசி என்று நினைத்தேன். எச்சரிக்கை விளக்கு எரிந்தபோது டிக்கியில் இருக்கும் சின்னப் பேட்டரியைக் கழற்றி, முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றித் துடைத்து, சார்ஜ் போட்டு மாட்டினேன். முப்பத்தொரு வருஷம் ஜீப்னி ஓட்டியவனுக்கு அதற்கு மேல் என்ன தெரியும், ஆனால் எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதுதான் வினை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது வழியில் சராகா ஊர் கிட்டே கார் நின்றுவிட்டது. அம்மாவுக்கு உட்காரத் தெம்பில்லை. பின்னால் வந்த ஜீப்னியில் கைகாட்டி ஏற்றினேன், ஒரு பக்கத்துப் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எழுந்து குனிந்து நின்றுகொண்டு அவளைப் படுக்கவைத்தார்கள். ஊர் வரும் வரைக்கும் அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை இண்டாய், திட்டியிருந்தால் தேவலை.

மெக்கானிக் டொட்டோங் காரை இழுத்துவந்து பின் சீட்டைத் தூக்கினான். "நோங் கிறிசாந்தோ, அண்ணே, மனுஷன் மூஞ்சில பிளாஸ்டிக்கக் கட்டிப்புட்டு ஏன் மூச்சு விட மாட்டேங்கறான்னு கேப்பீங்களா? விளக்கு எரிஞ்ச அன்னிக்கே வந்திருந்தா ஃபேனைத் துடைச்சே அனுப்பியிருப்பேனே. உங்க ஜீப்னி பேட்டரின்னு நினைச்சீங்களா, ரெண்டு சொட்டுத் தண்ணி ஊத்தினா எந்திரிச்சு ஓட?" என்று கேட்டான், பட்டறையே சிரித்தது. ஃபேனுக்குள் போர்வைப் பஞ்சும் முடியும் ஒரு கைப்பிடி இருந்தது. பேட்டரிக்குள் சில கட்டங்கள் உப்பிவிட்டன, அவற்றை மட்டும் மாற்றினால் மிச்சம் இருக்கும் பழையது ஒவ்வொன்றாகக் காலை வாரும், மாற்றினால் முழுசாக மாற்றவேண்டும் என்றான்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் நாலு பேர் சேர்ந்து ஓட்டுகிறீர்களே ஒரு பழைய பெட்ரோல் கார், அது காலையில் இழுத்து இழுத்துக் கிளம்புகிறது என்றாயே, அந்த ஊர்ச் சூட்டில் பேட்டரி இரண்டு வருஷம் உழைத்தாலே பெரிசு. மாற்றும்போது எந்த மாதம் செய்தது என்று மேலே குத்தியிருப்பதைப் பார்த்து வாங்கு, கடையில் நாள்பட்டுக் கிடந்ததைத் தள்ளிவிடப் பார்ப்பான். பழையதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போ, ப்ளஸ் முனை அதே பக்கம் இருக்கவேண்டும், தட்டில் ஆடாமல் உட்காரவேண்டும். கழற்றும்போது மைனஸை முதலில், மாட்டும்போது மைனஸைக் கடைசியில். லீவில் போகிறவர்கள் வாரம் ஒரு தடவையாவது யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள், சும்மா நிற்கிற வண்டியில்தான் பேட்டரி சீக்கிரம் இறங்கும். இந்த வயதில் எனக்குத் தெரிந்த மிச்சம் இவ்வளவுதான்.

இனி, சொல்லத் தயங்கியதைச் சொல்கிறேன். நேற்று காரை டொட்டோங்குக்கே விற்றுவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான், கோபப்பட்டால் படு. ஜூன் மாதத்திலிருந்து நம்மூர் ஆஸ்பத்திரியிலேயே டயாலிசிஸ் போடுகிறார்கள், அம்மாவுக்கும் இந்த மாதம் இடம் கிடைத்துவிட்டது, பைக்கில் பெட்டி கட்டிய டிரைசிக்கிளில் பத்து நிமிஷம். "உன் காருல பிளாஸ்டிக்கு வேக்காட்டுல வெந்தேன், இதுல காத்தாவது வருது" என்கிறாள், என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியும். காரை வைத்திருந்தால் நீ பேட்டரி வாங்கிவிடுவாய், இன்னும் இரண்டு வருஷம் நாங்கள் சொகுசாகப் போய்வருவோம், நீ அங்கேயே இருப்பாய். அந்த இரண்டு வருஷம் உன் அம்மா தாங்குவாளா என்று டாக்டரைத் தனியாகக் கேட்டேன். "உங்க மக எப்ப வர்றாங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

இனி பேட்டரி வாங்க இங்கே கார் இல்லை, கையெழுத்துப் போடக் காரணமும் இல்லை. வேளைக்குச் சாப்பிடு, மாதா உனக்குத் துணையிருந்து பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும். டாக்டர் கேட்டது அம்மாவுக்குத் தெரியாது, போனில் உளறிவிடாதே.

எப்போதும் உன் அப்பா,
கிறிசாந்தோ