லிஃப்ட்டில் ஏறிய ஆடு

மார்ச் 4
நூலகத்தின் ‘குழந்தைகளோடு சேர்ந்து வாசியுங்கள்’ பிரசாரத்துக்கு இன்றும் வாசகம் எழுதினேன். நூலக இயக்குநருக்கு எதுவுமே பிடிக்கவில்லை. வீடு திரும்பினால் என் வாண்டு தூங்கிவிட்டாள். ஊர்ப் பெற்றோருக்கெல்லாம் உபதேசம் செய்கிறேன். நான்கு வயது மகளைத் தூங்கும் முகமாகத்தான் பார்க்கிறேன்.

மார்ச் 9
சுவரொட்டிக்கு ஓர் அப்பாவும் மகளும் வேண்டுமாம். “உங்க பொண்ணக் கூட்டிட்டு வாங்க, நீங்களே உக்காருங்க” என்றார் இயக்குநர். மனைவியிடம் சொன்னேன். “அப்படியாவது அவகூட கொஞ்ச நேரம் உக்காருவீங்க.” சுருக்கென்றது.

மார்ச் 11
படப்பிடிப்பு. கையில் கொடுத்த புத்தகத்துக்கு அட்டை மட்டும்தான். அட்டையில் ஓர் ஆடு, உள்ளே எல்லாம் வெள்ளைத்தாள். “வாசிக்கிற மாதிரி இருங்க சார்” என்கிறார் புகைப்படக்காரர். இவளோ நிஜமாகவே கேட்க உட்கார்ந்துவிட்டாள்.

“வாசிங்கப்பா.”

ஆடு லிஃப்ட்டில் ஏறியது என்றேன். “அப்புறம்?” எந்த மாடி என்று அதற்கு மறந்துவிட்டது. “அப்புறம்?” அதற்குள் படம் எடுத்து முடித்துவிட்டார்கள். அவள் அழுத அழுகையில் அலுவலகமே கூடிவிட்டது. புத்தகத்தைக் கட்டிக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தாள். நல்லவேளை, இன்னும் எழுத்து தெரியாது — தப்பித்தேன்.

மார்ச் 12
சட்டை மாட்டும்போதே புத்தகத்தோடு வந்து நின்றாள். ஆடு பல் வைத்தியரின் மாடியில் இறங்கியது. அலுவலகத்துக்குத் தாமதம்.

மார்ச் 15
நிஜமான கதைப் புத்தகம் ஒன்று வாங்கி வந்து வாசித்தேன். பொறுமையாகக் கேட்டாள். “நல்லா இருக்குப்பா. இப்ப ஆடு.”

மார்ச் 20
மாலையில் பிரசாரக் கூட்டம். வரமுடியாது, மகளுக்குக் கதை வாசிக்க வேண்டும் என்றேன். “பிரசார நேரத்துல இதெல்லாம் வெச்சுக்காதீங்க” என்றார் இயக்குநர். சிரிக்கவே இல்லை! நான் கிளம்பிவிட்டேன்.

மார்ச் 27
சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள். பார்க்கும் சுவரிலெல்லாம் வாண்டு. என் தலையை மட்டும் காணோம். “உங்க முகத்துல சோர்வு தெரியுது, மாத்திட்டோம்” என்கிறார் இயக்குநர். என் சட்டைக்கு மேலே எவனோ ஒருவன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். என் மகள் அவன் மடியில்! இவளிடம் என்னவென்று சொல்வேன்?

மாலையில் பேருந்து நிறுத்தத்தில் அவளே பார்த்துவிட்டாள். வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். அப்பா எங்கே என்று கேட்கப்போகிறாள்.

“பாவம்ப்பா அந்த மாமா” என்றாள். “அந்த புக்குல ஒண்ணுமே எழுதியிருக்காது. அவரு எப்படி வாசிப்பாரு?”