லெட்சுமி செய்த இன்ஜின்

மண்ணூர்
ஜூன் 8, 2025

அன்புள்ள அத்தானுக்கு,

லெட்சுமி எழுதுகிறேன். இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீங்களும் கோயம்புத்தூரில் நன்றாகத்தான் இருப்பீர்கள். வீடியோவில் முகம் பளபளவென்று இருந்தது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். போனில் பேசினால் நீங்கள் பேசிப் பேசியே என்னைச் சமாதானப்படுத்திவிடுவீர்கள். அதனால்தான் உங்கள் நம்பரை பிளாக் செய்தேன். காகிதத்தில் உங்கள் குரல் வராது.

அந்த வீடியோவைக் கம்பெனி பஸ்ஸில்தான் பார்த்தேன். சந்திரலேகா காட்டினாள். எங்கள் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பெண், சங்கரன்கோவில் பக்கம். "அக்கா, இது உங்க வீட்டுக்காரர்தான?" என்று சத்தமாகக் கேட்டாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நம் ஸ்கூட்டர் பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். ரேஸ் டீம் வைத்திருக்கிற உங்கள் புது முதலாளி வசந்தகுமார் உங்கள் தோளில் கை போட்டிருக்கிறார். "இந்த இன்ஜினைச் செஞ்சது யாரு?" என்று பேட்டி எடுக்கிறவர் கேட்கிறார். "நான் ஒருத்தன்தான்" என்கிறீர்கள். வீட்டில் உதவி உண்டா என்கிறார். "வீட்டம்மா நல்லா டீ போடுவாங்க" என்று சொல்லிச் சிரிக்கிறீர்கள்.

அத்தான், அந்தச் சிலிண்டரில் காற்றும் புகையும் போகிற ஒவ்வொரு வழியையும் கிரைண்டர் பிடித்து அகலப்படுத்தியது யார்? இரும்புத்தூள் கண்ணில் விழுந்து, ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்தது யார்? நீங்கள் ஓட்டினீர்கள். நன்றாகவே ஓட்டினீர்கள், அதை யாரிடமும் மறுக்க மாட்டேன். போன ரேஸில் ஜெயித்த கையோடு இன்ஜினையும் தூக்கிக்கொண்டு, "செட்டில் ஆனதும் கூப்பிடுதேன்" என்று போனீர்கள். கூப்பிட்ட லட்சணத்தைப் பஸ்ஸில் எல்லோரோடும் சேர்ந்து பார்த்தேன்.

சொல்ல வந்தது இதுதான். டிசம்பரில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களுக்கு ரேஸ் வருகிறது. நீங்கள் ஓட்டப்போவதாக வீடியோவில் சொன்னீர்கள். நானும் ஒரு இன்ஜின் செய்கிறேன். விரிசல் விழுந்தது என்று கட்டிலுக்கு அடியில் விட்டுப்போனீர்களே, அந்தப் பழைய இன்ஜின் கூட்டில், கேஸிங்கில்தான். சந்திரலேகா ஓட்டுவாள். உங்களைத் தோற்கடிப்பதற்காக மட்டுமே செய்கிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை என்பதால் எழுதினேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
லெட்சுமி


கோயம்புத்தூர்
ஜூன் 21, 2025

என் பிரியமுள்ள லெட்சுமிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததுமே பாதி உயிர் வந்தது. கோபத்திலும் என் சாப்பாட்டை மறக்கவில்லையே, அது போதும் எனக்கு.

வீடியோவில் உன் பேரை நான் சொன்னேன். வெட்டிவிட்டார்கள். டீ விஷயம் சும்மா விளையாட்டுக்குச் சொன்னது. அதைப்போய் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதா? இங்கே ஒரு ரூம் பார்த்து உன்னைக் கூட்டிவரலாம் என்றுதான் நானும் அலைந்துகொண்டிருக்கிறேன். வசந்தகுமார் சாருக்கு நான்தான் எல்லாம் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் நம் குடும்பம் ஓட வேண்டியிருக்கிறது.

அந்த கேஸிங்கைக் காயலான் கடையில் போட்டுவிடு. கிடைத்த சாமானை எல்லாம் சேர்த்துப் பூட்டினால் அது இன்ஜின் ஆகிவிடுமா? முதல் சுற்றே தாண்டாது. அந்தப் பெண் கீழே விழுந்தால் உனக்குத்தான் பழி.

இன்னொன்று. இங்கே இன்ஜின் இரண்டு தடவை ஜாம் ஆகிவிட்டது. நேர்ப்பாதையில் ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருகிப் போகும்போது பிஸ்டன் அப்படியே பிடித்துக்கொள்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் விடுகிற ஜெட் என்ன நம்பர் போட்டிருந்தாய்? சும்மாதான் கேட்கிறேன்.

உன் மேல் ஆசை மாறாத
நம்பி


மண்ணூர்
ஆகஸ்ட் 17, 2025

அன்புள்ள அத்தானுக்கு,

பதில் எழுத நேரமில்லாமல் போய்விட்டது. ஷிஃப்ட் முடிந்தால் நேரே ஒரகடத்தில் பலராமன் அண்ணன் வெல்டிங் பட்டறைக்குப் போய்விடுகிறேன். கேஸிங் விரிசலை அவர்தான் அடைத்தார். இந்த ஊர்க்காரர். வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது.

கிடைத்த சாமான் என்று கேலி செய்தீர்கள். உண்மைதான். சிலிண்டரும் பிஸ்டனும் இத்தாலியில் செய்தவை, புனேயில் ஒருவர் பாதியில் கைவிட்டு விற்றார். கிராங்க் தைவான். கார்புரேட்டர் ஒரு பழைய பைக்கில் இருந்தது. கிளட்ச் மட்டும்தான் நம் ஸ்கூட்டருக்கென்றே பிறந்தது. எல்லாவற்றையும் பெஞ்சில் பரப்பியதும் பலராமன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாமா இது, ஒண்ணோட ஒண்ணு சேரவே மாட்டேங்குது. அல்லாம் வேற வேற ஊர்ல பொறந்துகினு வந்து கீது!"

சேர வைத்தேன் அத்தான். தைவான் கிராங்க் பிஸ்டனைக் கூடுதலாக மேலே தள்ளுகிறது. அப்படியே பூட்டினால் பிஸ்டன் மேல்மூடி ஹெட்டில் போய் இடிக்கும். சிலிண்டருக்கு அடியில் அலுமினியத் தகடு வெட்டிக் கொடுத்து உயர்த்தினேன். பிஸ்டன் தலையில் ஈயக்கம்பி வைத்து கிராங்கைச் சுற்றவிட்டு, நசுங்கிய கம்பியை அளந்து அளந்து தகட்டைத் தேய்த்தேன். சிலிண்டர் உயர்ந்ததால் புகை போகும் வழி முன்னைவிடச் சீக்கிரம் திறக்கிறது. தெருவில் ஓட்டுகிறவனுக்கு அது தொல்லை. நேர்ப்பாதையில் உங்களை முந்துகிறவளுக்கு அதுதான் வேண்டும்.

சைலன்சரைப் பலராமன் அண்ணன் தகட்டைக் கூம்பு கூம்பாக உருட்டி ஒட்டினார். "மலைப்பாம்பு ஆட்டை முழுங்குன மாதிரி கீது" என்று அவரே சிரித்தார். போன ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டை ரோட்டில் கிளப்பினோம். முருகன் கோயிலுக்கு வந்த கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது. சந்திரலேகா போய்த் திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். "எக்கா, ஃபோர்க்லிஃப்ட்ட நாளைக்கு எப்படி ஓட்டப்போறேன்னு தெரியல" என்றாள். அவள் எடை உங்களில் பாதிதான் இருக்கும்.

ஜெட் நம்பர் கேட்டிருந்தீர்கள். டீ போடுகிறவளுக்கு ஜெட்டைப் பற்றி என்ன தெரியும்? சர்க்கரை எவ்வளவு என்று கேளுங்கள், சொல்கிறேன்.

லெட்சுமி


கோயம்புத்தூர்
செப்டம்பர் 28, 2025

என் லெட்சுமிக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கிறுக்கலைப் பொறுத்துக்கொள்.

பிராக்டிஸில் விழுந்துவிட்டேன். நல்ல வேகம். இன்ஜின் மறுபடியும் பிடித்துக்கொண்டது, பின்சக்கரம் பூட்டிக்கொண்டது, கிளட்சைப் பிடிக்கக்கூட அவகாசமில்லை. வலது முழங்கையில் தோல் மொத்தமும் போய்விட்டது. எலும்பு தப்பியது. பின்னால் வந்தவன் ஒதுங்கியதால் உயிரும் தப்பியது.

பெரிய ஜெட் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆயிலைக் கூட்டிப் பார்த்துவிட்டேன். புது பிஸ்டனும் போட்டாயிற்று. வசந்தகுமார் சார், "உங்க இன்ஜின் உங்களுக்கே பிடிபடலைன்னா எப்படிங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். என்ன காரணமென்று உனக்குத் தெரியும் என்று என் மனசு சொல்கிறது. ஒரு வரி எழுதிவிடு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்
நம்பி


மண்ணூர்
அக்டோபர் 12, 2025

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பயந்தது நிஜம். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதனால் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். உங்களுக்காக இன்னும் பயப்படுகிறேனே என்று என் மேலும் ஆத்திரம்தான் வந்தது.

காரணம் ஜெட் இல்லை. ஆயிலும் இல்லை, பிஸ்டனும் இல்லை. என்ன காரணம் என்று எனக்குத் தெரியும். அந்த இன்ஜினைச் செய்தவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

சொல்கிறேன். ஆனால் சும்மா சொல்ல மாட்டேன். அதே சேனலில், அதே ஆளிடம், அதே மாதிரி சிரித்த முகத்தோடு, "இதைச் செய்தது என் மனைவி செல்வலட்சுமி" என்று சொல்லுங்கள். பஸ்ஸில் சந்திரலேகா அதையும் சத்தமாக வைத்துக் காட்ட வேண்டும். அன்றைக்கே எழுதுகிறேன்.

அதுவரை அந்த வண்டியில் ஏறாதீர்கள். இதைப் பகையாளியாகவும் சொல்லலாம், பெண்டாட்டியாகவும் சொல்லலாம். எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

லெட்சுமி


கோயம்புத்தூர்
நவம்பர் 9, 2025

லெட்சுமிக்கு,

ரொம்ப யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீ கேட்டதை என்னால் செய்ய முடியாது.

இப்போது போய் அப்படிச் சொன்னால் இத்தனை நாள் சொன்னது பொய்யென்று ஆகிவிடும். சார் என்னை ஒரு நிமிஷம் வைத்திருக்க மாட்டார். ஓட்டுகிற ஆளுக்கு இங்கே பஞ்சமில்லை. ஓட்டவும் தெரியும், செய்யவும் தெரியும் என்பதால்தான் எனக்கு மரியாதை. புருஷனுக்குக் கிடைக்கிற மரியாதை பெண்டாட்டிக்கும் சேர்த்துத்தானே? நீ இங்கே வந்துவிடு. பின்னால் இருந்து நீ செய், முன்னால் நின்று நான் பார்த்துக்கொள்கிறேன். ஆளுக்கொரு வேலை. இதில் என்ன குறைச்சல்?

கை ஆறிவிட்டது. இன்ஜினில் ஆயில் சீல் எல்லாம் மாற்றிவிட்டேன். டிசம்பரில் நான் ஓட்டத்தான் போகிறேன். என்ன நடந்தாலும் உன் மனசுதான் பதில் சொல்ல வேண்டும்.

நம்பி


கோயம்புத்தூர்
டிசம்பர் 23, 2025

லெட்சுமி,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. பதிலை நேரில் கொண்டுவருவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

ரேஸ் அன்று காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஒரு போன் போட்டிருக்கலாம். டீம் மொத்தமும் நிற்கிற இடத்துக்கு ஸ்பானர் பையோடு வந்து நின்றாய். "யாரும்மா நீங்க?" என்று சார் கேட்டார். "டீ போடுற அம்மா" என்றாயே லெட்சுமி. அந்த வீடியோ எடுத்தவனும் கேமராவோடு பக்கத்தில்தான் நின்றான்.

"சார், இந்த இன்ஜின்ல ஒரு எடத்துல ஓட்டை இருக்கு. செஞ்ச ஆளுக்குத் தெரியும். எங்கன்னு இவர்ட்ட கேளுங்க" என்றாய். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கார்புரேட்டரைப் பார்த்தேன், சைலன்சரைப் பார்த்தேன். உன்னோடு வந்த அந்த வெல்டிங்காரர், "இன்னா சார், பெத்த புள்ளைக்கு மச்சம் எங்க கீதுன்னு தெரியாதா?" என்றார். அதற்குச் சிரித்தவர்களில் என் டீம் ஆட்களும் உண்டு.

நீயே கழற்றினாய். காற்று போகும் வழியை அகலப்படுத்தும்போது சிலிண்டரைப் பிடிக்கிற போல்ட்டின் துளை வரை கிரைண்டர் உடைத்துக்கொண்டு போனதையும், அதை எபாக்ஸி பசை வைத்து நீ அடைத்திருந்ததையும் காட்டினாய். அடைத்தது சூட்டில் பொடிந்து கிடந்தது. "இது வழியா வெளிக்காத்து உள்ள போகுது. பெட்ரோலும் ஆயிலும் பத்தாம பிஸ்டன் பிடிச்சிக்கிடுது. ரேசுக்கு ரேஸ் இதச் சொரண்டிட்டுப் புதுசா அடைக்கணும். அடைக்கலேன்னா ஆளு போயிருவான் சார்" என்று சொன்னாய். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை.

நீயே அடைத்து, காயவிட்டு, மாலை ரேசுக்குப் பூட்டியும் கொடுத்தாய். "ஏட்டி, ஏன் இப்படிப் பண்ணுத?" என்று மெல்லக் கேட்டேன். "இனி இன்ஜின் மேல பழி போட முடியாது. ஓட்டிக் காட்டுங்க" என்றாய்.

ஓட்டினேன். வண்டி ஒரு இடத்திலும் முனகவில்லை. கடைசிச் சுற்றில், நேர்ப்பாதையில், உன் சந்திரலேகா என்னை முந்தினாள். அந்தச் சத்தத்தை ஹெல்மெட்டுக்குள் கேட்டேன். ஓரத்துக்கு ஓரம் பொருந்தாத சாமானில் அப்படியொரு சத்தம் எப்படி வந்தது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. அவள் மூன்றாவது, நான் நான்காவது. ஜெயித்த இரண்டு பேரை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் உன்னைச் சுற்றித்தான் நின்றார்கள்.

நீ நினைத்ததை முடித்துவிட்டாய். ஆனால் ஒன்று கேட்கிறேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நானே போய்ச் சேர்ந்திருப்பேன். அப்படி விடாமல் வந்தாயே, அது அன்பு இல்லையா? இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுது. மூட்டையைக் கட்டிக்கொண்டு மண்ணூருக்கு வந்துவிடுகிறேன். நீ சொல்கிறபடி இருக்கிறேன்.

உன்னையே நம்பியிருக்கும்
நம்பி


ஒரகடம்
ஜனவரி 19, 2026

திரு. நம்பிராஜன் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது.

கேட்டதற்குப் பதில்: அன்பு இல்லை. தாங்கள் அன்று இறந்திருந்தால், அந்த இன்ஜினைச் செய்த மேதை என்று போட்டோ ஒட்டி மாலை போட்டிருப்பார்கள். நானும் தலைவிரித்து அழுதிருக்க வேண்டும். தாங்கள் உயிரோடு இருந்து நான்காவதாக வர வேண்டும் என்றுதான் வந்தேன்.

வசந்தகுமார் சார் கோயம்புத்தூருக்கு வேலைக்கு அழைத்தார். வர இயலாது என்று சொல்லிவிட்டேன். கம்பெனி வேலையையும் விடவில்லை. அதனால் டீமின் இன்ஜின்கள் அனைத்தையும் அவர் இங்கேயே அனுப்பத் தொடங்கியிருக்கிறார். பலராமன் அண்ணனின் பட்டறையில் பாதியைத் தடுத்து வாங்கியிருக்கிறேன். பொங்கல் கழிந்து பூஜை போட்டோம்.

தாங்கள் ஓட்டும் இன்ஜினும் நேற்று லாரியில் வந்து சேர்ந்தது. துளையை வெல்டிங் வைத்து நிரந்தரமாக அடைத்துத் தருகிறேன். இனி ஜாம் ஆகாது. வேலை முடிந்ததும் சார் ஆபீசுக்குத் தகவல் வரும். எடுத்துச்செல்லத் தாங்களே வருவதானால், வெளியே பெஞ்ச் போட்டிருக்கிறோம். பேரைச் சொல்லிவிட்டு உட்காருங்கள். முன்னால் வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கூப்பிடுவார்கள்.

இப்படிக்கு,
மா. செல்வலட்சுமி