கோடு போட்ட டப்பா

1-3-2024, வெள்ளி
வெண்டைக்கு மருந்து. பத்து லிட்டர் டேங்குக்கு ஐந்து மில்லி. இரண்டு வருஷமாக வெள்ளிதோறும் இதே மருந்து, இதே அளவு. ஒரு வாரமும் தவறியதில்லை. அடிப்பவன் கூலிக்கு வரும் தேசப்பன். மாலையில் ஓர் இலையைத் திருப்பினேன். மாவு சிந்தியதுபோல் வெள்ளை ஈக்கள் எழுந்தன. நான் கொடுக்கும் மருந்து முழுவதும் டேங்குக்குள் போகிறதா?

4-3
மேலும் நாற்பது செடிகளில் இலை நரம்பு மஞ்சளித்துவிட்டது. ஈ பரப்பும் நோய். இப்படியே போனால் பங்குனிக்குள் தோட்டமே மிஞ்சாது.
டப்பாவில் மருந்து நிற்கும் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுவைத்தேன். நேரில் கேட்கத் துணிவில்லை — அதுதான் உண்மை.

8-3, வெள்ளி
தேசப்பன் கோட்டைப் பார்த்துவிட்டான். “இன்னா சார், கோடு போட்டுகிறீங்க? மருந்த நான் இன்னா காபில ஊத்திக் குடிக்கவா போறேன்?” சிரித்தான். பிறகு, “ஈக்கு இது பழகிட்சி சார். வேற மருந்து மாத்திப் பாருங்க.”
இதை எந்தக் கடைக்காரன் சொல்லிக்கொடுத்தான்? மட்டம் சரியாகத்தான் இறங்கியிருந்தது. திருடிய அளவுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தால்?
“அடுத்த வாரத்துலேர்ந்து நானே அடிச்சிக்கறேன்பா” என்றேன், முகத்தைப் பார்க்காமல்.

15-3, வெள்ளி
புது டப்பா. நானே அளந்து, நானே அடித்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. ஈ பறக்கிறது. அப்படியானால் கடைக்கார ஜெயராஜ் விற்பதே போலியா?
தேசப்பன் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டானாம்.

18-3
முப்பது வருஷம் கும்மிடிப்பூண்டி ஆலையில் லேபில் இருந்தவன் நான். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஏரிக்கு அப்பால் பூவம்மாளின் கத்தரி, மருந்தே காணாதது. அங்கே போய் ஈ பிடித்தேன். “ஊர்ல எல்லாரும் பூச்சிய தொரத்துறாங்க, நீ இன்னா நைனா புட்சிகினு போற?” என்றாள்.
மருந்தில் நனைத்து உலர்த்திய இலை, இரண்டு பாட்டிலில். ஒன்றில் அவள் தோட்டத்து ஈ இருபது, மற்றதில் என்னுடையது இருபது.

19-3
அவளுடையவை பதினெட்டு செத்தன. என்னுடையவை மூன்று.
மருந்து நல்ல மருந்துதான். சாகக்கூடியதையெல்லாம் வெள்ளிதோறும் கொன்று, சாகாததை மட்டும் நானே பெருக்கியிருக்கிறேன். தேசப்பன் சொன்னானே!

22-3, வெள்ளி
மருந்து அடிக்கவில்லை.
காலையில் கம்பெனி பஸ் நிற்குமிடத்தில் தேசப்பனைப் பார்த்தேன். “உன்மேல தப்பு இல்லப்பா. நான்தான்...” அதற்குள் பஸ் வந்துவிட்டது.
“ஞாயித்துக்கெழம லீவு, வரேன் சார். மொதல்ல மஞ்ச புட்ச செடியெல்லாம் புடுங்கிடலாம்.” பஸ்ஸில் ஏறியவன் திரும்பினான். “அந்தக் கோடு போட்ட டப்பா மட்டும் என் கண்ணுல பட வேணாம்.”
வீட்டுக்கு வந்ததும் டப்பாவைச் சோப்பு போட்டுத் தேய்த்தேன். கோடு போகவில்லை. லேப் பழக்கம், அழியாத மையில் போட்டிருக்கிறேன்.