வெட்டிய பதினோரு வரிகள்

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. இன்று வெள்ளி. நாலு நாளாக அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். "விமர்சனம் வந்ததுலேர்ந்து, அடுத்த ஆல்பத்துல குரல் வெச்சுடலாம்னு எங்க குழுவுல எல்லாரும் சொல்றாங்க. நீ வந்து பாடுறியா அக்கா?" என்று கேட்டிருக்கிறாய். பதில் சொல்வதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா உங்கள் ஆல்பத்தை மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறார். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் அந்தப் பதினான்கு நிமிடப் பாட்டு முழுவதையும் நின்றபடியே கேட்டுவிட்டுத்தான் போக முடிந்தது. அம்மா துணி மடிக்கும்போது கேட்கிறாள். மூன்றாவது நாள், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றாள். நான் சிரித்தேன். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டேன் போல. அம்மா மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

குட்டி, நம் வீட்டில் பாடுகிறவள் நான். யார் வந்தாலும் என்னைத்தான் பாடச் சொல்வார்கள். நீ அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிதாரை நோண்டிக்கொண்டிருப்பாய். இரண்டு வருடம் முன்னால் ஆல்பம் பண்ணப்போகிறேன் என்று நீ சொன்ன மறுநாளிலிருந்து, வேலைக்குக் கிளம்பும் முன் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் குரல் பழகினேன். நீ கூப்பிடுவாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஆல்பம் வந்தது. இரண்டு கிதார், ஒரு பேஸ், டிரம்ஸ். ஐந்து பாட்டு, ஒரு வார்த்தை கிடையாது. போஸ்ட்-ராக் என்றால் பெரும்பாலும் இப்படித்தான் என்று போனில் விளக்கினாய். ஊம் கொட்டினேன். நான் இல்லாதது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

நான் வேலை பார்க்கும் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் வந்த விமர்சனத்தால் நீ அம்மாவிடம் அழுதாயே, அதைத் திருத்திப் பக்கத்துக்கு அனுப்பியவள் நான். நீ என் தங்கை என்பது ஆபீசில் யாருக்கும் தெரியாது. தாடிக்கார விமர்சகர் முதலில் எழுதியிருந்தது நீ படித்ததுதான்: எல்லாப் பாட்டும் மெதுவாகத் தொடங்கி, மலை ஏறுவது போல ஏறி, உச்சியில் இரைகின்றன, இது பலர் நடந்து தேய்ந்த பாதை. அதற்குப் பிறகு ஒரு பத்தி இருந்தது. "ஆனால்" என்று ஆரம்பிக்கும் பத்தி. ஐந்தாவது பாட்டில் நீங்கள் உச்சிக்குப் போகாமல் பாதியில் நின்றுவிடுகிறீர்களாம், அந்த இடத்தில் அவருக்கு மூச்சே நின்றதாம், வருடத்தில் கேட்டவற்றிலேயே சிறந்தது அதுதானாம். கடைசி வரி இது: "இங்கே ஒரு குரல் வந்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்."

பக்கத்தில் இடம் போதாமல் பதினோரு வரி மிஞ்சியது. படத்தைச் சிறிதாக்கியிருக்கலாம். அந்தப் பத்தி சரியாகப் பதினோரு வரி இருந்தது. வெட்டினேன். உன் படத்தைப் பெரிதாக விட்டுவைத்தேன் என்று எனக்கு நானே நல்ல பெயரும் கொடுத்துக்கொண்டேன்.

விமர்சனம் வெளியான வாரம் செவ்வாய்க்கிழமை தாடிக்காரர் என் மேஜைக்கு வந்தார். "என் கடைசிப் பத்தி எங்கம்மா போச்சு?" என்றார். இடமில்லை என்றேன். "அந்தப் பொண்ணு மனசு என்ன பாடுபடும்? உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். குட்டி, தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

பிறகு வாசகர் கடிதங்கள் வந்தன. ஒருவர், "துணி துவைக்கிற மெஷினே நின்னுடுச்சு, இவங்க இன்னும் ஆரம்பிக்கலை" என்று எழுதியிருந்தார். அதை இரண்டு தடவை ரசித்துப் படித்தேன், மறைப்பானேன். கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர், அத்தனை உயரத்தில் தனியாக இருக்கும்போது துணைக்கு இதைத்தான் வைத்துக்கொள்கிறாராம். விமர்சகருக்குக் காது இருக்கிறதா என்று கேட்டிருந்தார். தொண்டை அறுவை சிகிச்சையில் குரல் போன ஒரு பெண்ணின் கடிதமும் வந்தது. "மத்த பாட்டைக் கேட்டா கூடவே பாட முடியலையேன்னு இருக்கும். இதுல யாரும் பாடலை. நானும் உள்ளே இருக்கேன்" என்று எழுதியிருந்தாள். அந்தத் தாளைக் கீழே வைக்க முடியவில்லை. அது இந்தத் திங்கட்கிழமை. அன்று வீட்டுக்கு வந்தால் உன் கடிதம் காத்திருக்கிறது, நான் பாட வர வேண்டும் என்று.

இத்தனை நாள் ஆசைப்பட்டது இப்படியா கைக்கு வர வேண்டும்?

நேற்று முன்தினம், புதன்கிழமை, ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தங்கச்சியாம்மா?" என்று மட்டும் கேட்டார். இந்த ஞாயிறு அந்தப் பத்தி முழுதாக வருகிறது, கூடவே வாசகர் கடிதங்களும். தாடிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னை வானிலைப் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். நல்லதுதான். மழையைப் பார்த்து எனக்குப் பொறாமை வராது.

விமர்சகரின் மூலப் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் டிரம்ஸ்காரருக்கும் மற்றவர்களுக்கும் படித்துக் காட்டு. குரல் சேர்க்க வேண்டாம். நான் பாட வரமாட்டேன். பெரிய மனதோடு சொல்வதாக நினைக்காதே, இதை எழுதும்போதுகூட வயிறு எரிகிறது. நேற்று ஐந்தாவது பாட்டைத் தனியாக உட்கார்ந்து கேட்டேன். நீங்கள் நிற்கிற இடத்தில் என் வாய் தானாகத் திறந்தது. பாட ஒன்றுமில்லை. மூடிக்கொண்டேன். அவர் எழுதியது சரிதான்.

உன் கைக்கும் உன்னோடு வாசிக்கிறவர்கள் கைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ சொல்ல வேண்டாம். இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும், வரட்டும். உன் இசைக்கு வார்த்தை வேண்டியதில்லை. எனக்கு வேண்டும். நாலு வார்த்தை திட்டியாவது எழுது குட்டி, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்னைத் தெரிந்த,
அக்கா